அடுத்தவங்க செஞ்ச ஆப்பயும் போர்டயும் பாத்துட்டு என்ன சொல்றது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

சிங்கப்பூர்ல நாங்க ஒரு பத்து பதினஞ்சு பேர் மாசத்துல ஒரு சனிக்கிழமை ஒண்ணா சேந்து அவங்கவங்க வீட்ல செஞ்சத கொண்டாந்து காட்டிக்குவோம். சில பேர் ஆப், சில பேர் சின்ன வெப்சைட், சில பேர் சிம் லிம் டவர் எலெக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல பார்ட்ஸ் வாங்கி ராத்திரி உக்காந்து சோல்டர் பண்ண போர்டு. போன வருஷம் ஒருத்தர் ஆசையா காட்டி முடிச்சதும் மூணு பேர் சேந்து "இதெல்லாம் ஏற்கனவே இருக்கே, எதுக்கு இது"ன்னு ஆரம்பிச்சாங்க, அவரு ஒண்ணும் சொல்லாம லேப்டாப்ப மூடி பைல வச்சுக்கிட்டு கெளம்புனவரு, திரும்ப வரவே இல்ல. அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தி. ஆபீஸ்ல எனக்கு வேலையே சாஃப்ட்வேர டெஸ்ட் பண்றதுதான், குறை கண்டுபிடிக்கிறதுக்குத்தான் சம்பளம், ஆனா கண்டுபிடிச்சத வாயத் தொறந்து சொல்றது வேற வித்தை போல. இப்ப புதுசா வர்றவங்க எல்லாம் "அக்கா, நான் என்ன சொல்லணும்"னு கேக்குறாங்க, ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சிட்டேன்.

நான் ஐடி ஆளே இல்ல. நான் போய் என்னத்த சொல்றது?

நீங்கதான் வேணும், நெஜமா. கோட் எழுதுறவங்க பத்து பேர் பாத்தா பத்து பேரும் ஒரே மாதிரிதான் அமுக்குவோம், எது ஒடையும்னு தெரிஞ்சு கை தானா ஒதுங்கிப் போயிடும்.

எங்க கூட்டத்துல ஒரு தம்பி பஸ் போர்டு ஒண்ணு செஞ்சாரு. வைஃபை உள்ள ஒரு சின்ன இஎஸ்பி32 சிப்பு, உள்ளங்கை அளவுக்கு ஸ்கிரீன், எல்டிஏ-வோட, அதான் நிலப் போக்குவரத்து ஆணையத்தோட, டேட்டாமால்ங்கிற பொது டேட்டா தளத்துலேருந்து அடுத்த மூணு பஸ் எப்ப வரும்னு எடுத்துக் காட்டும், சீட் இருக்கா, நிக்க எடம் இருக்கா, இல்ல ஒரே நெரிசலான்னு கலர் வேற மாறும். வாசக்கதவு பக்கத்துல மாட்டிட்டா செருப்பு போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், ஓட வேண்டாம். நாங்க எல்லாரும் எங்கெங்க வீட்டு ஸ்டாப் நம்பர போட்டு பாத்தோம், ஈசூன், செங்காங், ஜூரோங் வெஸ்ட்னு எல்லாம் டக்கு டக்குன்னு வந்துச்சு, கை தட்டிட்டோம். நான் எங்க அம்மாவ சும்மா துணைக்குத்தான் கூட்டிட்டுப் போயிருந்தேன், அவங்க தான் லைப்ரரிக்குப் போயிட்டு திரும்புறப்ப ஏறுற விக்டோரியா ஸ்திரீட் ஸ்டாப்ப கேட்டாங்க, ஹோட்டல் கிராண்ட் பசிபிக் ஸ்டாப், நம்பர் 01012. அடிச்சாங்க, ஸ்கிரீன் காலி. அப்ப அம்மா சொன்னது இதான்: "தம்பி, நான் சைபர் ஒண்ணு சைபர் ஒண்ணு ரெண்டுன்னு அடிச்சேன்பா, சேவ் அமுக்குனதும் மொத சைபர் காணாமப் போச்சு, வெறும் 1012ன்னு நிக்குது பாரு."

அந்தத் தம்பிக்கு அந்த நிமிஷமே புரிஞ்சிடுச்சு. இங்க ஸ்டாப் நம்பர் எல்லாம் அஞ்சு இலக்கம், டவுன் பக்கம் நெறய ஸ்டாப் சைபர்ல ஆரம்பிக்கும், அவரு அத எண்ணா சேமிச்சு வச்சிருந்தாரு, எண்ணுன்னா முன்னாடி இருக்குற சைபருக்கு மதிப்பில்ல, கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுடும். எழுத்தா சேமிச்சிருந்தா பிரச்சினையே இல்ல. நாங்க எல்லாம் ஈசூன் செங்காங் ஆளுங்க, எங்க ஸ்டாப் எதுவுமே சைபர்ல ஆரம்பிக்காது, அதனால எங்க யாருக்கும் மாட்டல.

அம்மாவுக்கு எண்ணுன்னா என்ன எழுத்துன்னா என்னன்னு தெரியாது. என்ன அடிச்சோம், என்ன வந்துச்சு, அவ்ளோதான் சொன்னாங்க. நான் பாத்த ஃபீட்பேக்லயே அதுதான் பெஸ்ட்டு, நான் ஆபீஸ்ல எழுதுற ரிப்போர்ட்டு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

"வேலை செய்யல"ன்னு சொன்னா போதாதா?

போதாது. டாக்டர்கிட்ட போயி "ஒடம்பு சரியில்ல"ன்னு சொல்லிட்டு கைய கட்டிட்டு உக்காந்தா அவரு என்ன பண்ணுவாரு, அதே கததான். என்ன ஃபோன், ஆப்போட எந்த வெர்ஷன், வரிசையா என்னென்ன அமுக்குனீங்க, என்ன வரும்னு நெனச்சீங்க, என்ன வந்துச்சு. ஸ்கிரீன்ல ஏதாச்சும் எர்ரர் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்துருங்க, "என்னமோ ரெட் கலர்ல வந்துச்சு, மூடிட்டேன்"னு சொல்லாதீங்க, பாவம் அவங்க.

இன்னொண்ணு, மறுபடி ஒரு தடவ செஞ்சு பாருங்க. ரெண்டாவது தடவையும் அதே மாதிரி ஆச்சான்னு சொன்னா அவங்களுக்கு பாதி வேலை மிச்சம். எப்பவாச்சும்தான் ஆகுதுன்னா அதையும் சொல்லுங்க, அது வேற வகை நோய்.

வீட்டப் பத்தியும் சொல்லணும், இத நெறய பேர் மறந்துடுவாங்க. அதே பஸ் போர்ட வாங்கிட்டுப் போன ஒருத்தர் ரெண்டு நாள் கழிச்சு "கனெக்ட் ஆகல, டப்பா"ன்னு மெசேஜ் போட்டாரு. கேட்டா அவரு வீட்டு ரௌட்டர் பாம் ஷெல்டருக்குள்ள இருக்கு, கதவு சாத்தி. தொண்ணூறுகளோட கடைசிலேருந்து கட்டுன வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுங்கள்ல இருக்குமே, அந்த கெட்டி கான்கிரீட் ரூம், இரும்புக் கதவு வேற. நாம அத ஸ்டோர் ரூமா ஆக்கி அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ், கூடவே ரௌட்டரயும் வச்சிருக்கோம், அதுக்குள்ளேருந்து வைஃபை எப்படி வெளிய வரும்? ரௌட்டர வெளிய எடுத்து வச்சும் வரல. அப்புறம் பாத்தா ரௌட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும் ஆன் பண்ணி வச்சிருக்காரு, இஎஸ்பி32க்கு 2.4 மட்டும்தான் தெரியும். மொதல்லயே "ரௌட்டர் இங்க இருக்கு, செட்டிங் இது"ன்னு ஒரு வரி சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், ரெண்டு பேரும் ஒரு வாரம் மொகத்த தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சாங்க.

"சூப்பர் தம்பி, கலக்கிட்டீங்க"ன்னு சொன்னா தப்பா?

தப்பில்ல, ஆனா வீட்டுக்குப் போனதும் அத வச்சி அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. எது சூப்பர்னு சேத்து சொல்லுங்க. "ஸ்டாப் மாத்துறதுக்கு ஒரே ஒரு பட்டன் வச்சிருக்கீங்க பாருங்க, அத எடுத்துடாதீங்க"ன்னு சொன்னா அடுத்த வெர்ஷன்ல அது தப்பிக்கும். நல்லா இருக்குறத யாரும் சொல்லாததால மாத்தி மாத்திக் கெடுத்த ஆப்புங்கள நான் நெறய பாத்திருக்கேன். மனசுல குறை வச்சிக்கிட்டு வெளிய சூப்பர்னு சொல்றது நம்ம பழக்கம், மொகத்துக்கு நேரா சொல்ல பாய்சேவா, கூச்சமா இருக்கும், சரி, ஆனா வெளிய வந்து கோப்பிக்கடைல உக்காந்து இன்னொருத்தர்கிட்ட அதே குறைய அரைமணி நேரம் பேசுறோமே, அப்ப மட்டும் எங்க போச்சு பாய்சே?

பெரியவங்க செஞ்சதுல தப்பு இருந்தா எப்படி சொல்றது? ஒரு மாதிரி இருக்கே.

இருக்கும். இது எனக்கே நடந்தது, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

எங்க கூட்டத்துல ஒரு அங்கிள் இருக்காரு, ரிட்டயர்ட் ஆயிட்டு அறுபது வயசுக்கு மேல பைத்தான்ங்கிற கோட் எழுதுற மொழிய கத்துக்கிட்டு ஜாதகம் கணிக்கிற ஆப் ஒண்ணு எழுதியிருக்காரு. தேதி, நேரம், பொறந்த ஊர் போட்டா கட்டம் போட்டுக் காட்டும், ராசி நட்சத்திரம் லக்னம் எல்லாம் வரும். தமிழ் எழுத்து அவ்ளோ சுத்தம். நான் ஜாதகம் நம்புற ஆள் இல்ல, ஆனா கணக்குன்னு வந்தா டெஸ்ட் பண்ணாம இருக்க முடியாதே, எங்க அண்ணனோடத போட்டுப் பாத்தேன். 1974, புரட்டாசி மாசம், இங்கதான் பொறந்தாரு, விடியக்காலைல. நட்சத்திரம் சரியா வந்துச்சு. லக்னம் மட்டும் சிம்மம்னு வருது, அம்மா வச்சிருக்குற பழைய நோட்டுல கன்னி.

மொதல்ல நோட்டுதான் தப்போன்னு நெனச்சேன். அப்புறம் என் பொறந்த நாள போட்டேன், தங்கச்சியோடத போட்டேன், ரெண்டு பேரும் எண்பத்தி ரெண்டுக்கு அப்புறம் பொறந்தவங்க, ரெண்டும் சரி. அப்பதான் பொறி தட்டுச்சு. சிங்கப்பூர் கடிகாரம் இப்ப கிரீன்விச் நேரத்தோட 8 மணி கூட, ஆனா இது 1982 ஜனவரி 1லேருந்துதான். அதுக்கு முன்னாடி ஏழரை மணி. ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல டோக்கியோ நேரம், 9 மணி. அங்கிள் எல்லாருக்கும் 8ன்னே வச்சிருக்காரு. அரைமணி வித்தியாசத்துல பூமி ஏழரை பாகை சுத்திடும், ஒரு ராசி முப்பது பாகை, அப்ப தோராயமா நாலு பேர்ல ஒருத்தருக்கு லக்னம் பக்கத்து ராசிக்குத் தாவிடும். நிலா அரைமணில பெருசா நகராது, அதனால நட்சத்திரம் அனேகமா மாறாது, அதான் யாரும் இதுவரைக்கும் கண்டுபிடிக்கல.

இப்ப எப்படி சொல்றது? எங்கப்பா வயசு. பத்து பேர் முன்னாடி "அங்கிள், உங்க கணக்கு தப்பு"ன்னா நல்லாவா இருக்கும். எல்லாரும் கெளம்புறப்ப கூட நடந்து போனேன், எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும், அப்ப கேட்டேன்: "அங்கிள், எண்பத்தி ரெண்டுக்கு முன்னாடி இங்க பொறந்தவங்களுக்கு நேரம் எந்தக் கணக்குல எடுக்குறீங்க?" கேள்விதான் கேட்டேன். நின்னுட்டாரு. "ஏம்மா... அந்த நியூ இயர் ராத்திரி எங்க வீட்டு சுவத்துக் கடிகாரத்த நானேதான் நாற்காலி மேல ஏறி அரைமணி தள்ளி வச்சேன். கோட்ல எழுதறப்ப எப்படி மறந்தேன்?" அப்படின்னு சொல்லி சிரிக்கிறாரு. அப்புறம்தான் நான் அண்ணனோட தேதி, நேரம், ஆப்ல வந்தது, நோட்டுல இருக்குறது எல்லாத்தையும் வாட்ஸாப்ல அனுப்புனேன். 8ன்னு கையால எழுதாம ஏசியா சிங்கப்பூர்ங்கிற டைம்சோன் பேர குடுத்தா பழைய மாத்தமெல்லாம் அதுக்குள்ளயே இருக்குன்னும் ஒரு வரி, அதுவும் அவரு கேட்டதுக்கு அப்புறம்.

அதனால நான் சொல்றது, பெரியவங்கன்னா தனியா, கேள்வியா, கைல ஒரு உதாரணத்தோட. தெரியாததயே தெரிஞ்ச மாதிரி நடிக்கிற பெரியவங்களும் இருக்காங்க, அவங்ககிட்ட இது நடக்காது, அது வேற விஷயம்.

ஸ்கூல் பிள்ளைங்க செஞ்சதுக்கு?

ஒரு நாளைக்கு ஒரே ஒரு குறை. ரெண்டாவது குறைய அடுத்த மாசத்துக்கு வச்சிக்குங்க, கெட்டுப் போயிடாது. நீங்களே கீபோர்ட பிடுங்கி சரி பண்ணிக் குடுக்காதீங்க, அதுக்கப்புறம் அது அந்தப் பிள்ளையோட ப்ராஜெக்ட் இல்ல, உங்களோடது. அப்பா அம்மா பக்கத்துல நிக்கிறப்ப அவங்கள பாத்து பேசாம பிள்ளையப் பாத்துப் பேசுங்க.

தமிழ்ல செஞ்ச ஆப்னா தனியா எதையாச்சும் பாக்கணுமா?

கண்டிப்பா பாக்கணும், ஏன்னா நாம பாக்கலன்னா வேற யாரும் பாக்க மாட்டாங்க. உயர்நிலை ரெண்டு படிக்கிற ஒரு பொண்ணு தமிழ் வார்த்தை வெளையாட்டு ஒண்ணு செஞ்சா, மூணெழுத்து வார்த்தை கண்டுபிடிக்கணும். நான் "தமிழ்"னு அடிச்சேன், "அஞ்சு எழுத்து, தவறு"ன்னு வந்துச்சு. அவ மொகம் வாடிப் போச்சு. அவ மேல தப்பே இல்ல, யூனிகோட்ல, அதாவது கம்ப்யூட்டர் எழுத்துங்களுக்கு வச்சிருக்குற பொதுக் குறியீட்டு முறைல, த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு தனித்தனி குறியீடு, கம்ப்யூட்டர் அஞ்சுன்னு எண்ணுது, நாமதான் மூணுன்னு எண்ணுறோம். எழுத்த எழுத்தா சேத்து எண்ணுறதுக்கு வழி இருக்கு, அவ தேடிக் கண்டுபிடிச்சிட்டா, நாலு நாள் ஆச்சு.

அப்புறம் "கொ" மாதிரி எழுத்து. க-வுக்கு அப்புறம் ஒத்தக் கொம்பும் காலும் சேந்து ஒரே குறியீடாவும் வரலாம், தனித்தனி குறியீடாவும் வரலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா தேடுனா கெடைக்காது. "கொழுக்கட்டை"ன்னு தேடுனா சமையல் ஆப்ல ஒண்ணுமே இல்லன்னு சொல்லும், கீழ ஸ்க்ரோல் பண்ணா கொழுக்கட்டை அங்க உக்காந்திருக்கும். ஔவையார தேடிப் பாருங்க, பாதி பேர் ஒ போட்டு பக்கத்துல ள போட்டு அடிச்சிருப்பாங்க. ஸ்ரீ-யும் ரெண்டு விதமா அடிக்கலாம். அப்புறம் பட்டனுக்குள்ள வார்த்தை அடங்குதான்னு பாருங்க, நம்ம வார்த்தைங்க நீளம், "அமைப்புகள்"ங்கிறது "அமைப்பு"ன்னு வெட்டி நிக்கும். மேல இகரம் வெட்டுப்படுதா, கீழ உகரம் வெட்டுப்படுதா.

இந்த ஊர்ல இது பழைய பாடு. 1997 மே மாசம் சிங்கப்பூர்லதான் தமிழ்நெட் 97ங்கிற கணினித் தமிழ் மாநாடு நடந்துச்சு, கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்ன நின்னு நடத்துனது, அப்பெல்லாம் ஆளுக்கு ஒரு ஃபான்ட், ஆளுக்கு ஒரு குறியீடு, ஒருத்தர் அனுப்புன மெயில் இன்னொருத்தருக்கு கட்டம் கட்டமா தெரியும். இன்னைக்கு வாட்ஸாப்ல சர்வ சாதாரணமா தமிழ் அடிக்கிறோம்னா அன்னைக்கு பல பேர் "எனக்கு இந்த எழுத்து ஒடஞ்சு தெரியுது"ன்னு ஒருத்தருக்கொருத்தர் விடாம சொல்லிக்கிட்டதும் ஒரு காரணம்தான். அதனால கூச்சப்படாம சொல்லுங்க, எந்த எழுத்து, எந்த ஃபோன், எந்த கீபோர்டுல அடிச்சீங்கன்னு. கடைசி ரொம்ப முக்கியம், ஒரே எழுத்த ஒவ்வொரு கீபோர்டும் ஒவ்வொரு விதமா அனுப்பும்.

"ஏன் இத அந்த லாங்குவேஜ்ல எழுதல?"ன்னு கேக்கலாமா?

வேண்டாம். அவங்களுக்குத் தெரிஞ்சதுல எழுதியிருக்காங்க. "ஏற்கனவே இதே மாதிரி ஒண்ணு இருக்கே"வும் அந்த ரகம்தான், மேல சொன்ன லேப்டாப்ப மூடிட்டுப் போனவரு கதை ஞாபகம் இருக்குல்ல. இட்லி கடை தெருவுக்கு நாலு இருக்கு, அதுக்காக வீட்ல யாரும் மாவு அரைக்காமலா இருக்காங்க?

அவங்களே "வேற எதுல எழுதியிருக்கலாம்"னு கேட்டா மட்டும் சொல்லுங்க, மணிக்கணக்குல சொல்லுங்க, நானும் வந்து சண்டை போடுறேன்.

கரண்ட் சம்பந்தப்பட்ட ப்ராஜெக்ட்னா?

இங்க மட்டும் நான் மேல சொன்ன பணிவு, கேள்வி, தனியா கூப்பிட்டு சொல்றது எல்லாத்தையும் தூக்கி ஓரமா வைங்க. ஒருத்தர் மீன் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக்கா மோட்டார் ஆன் ஆஃப் பண்ற மாதிரி செஞ்சு வீடியோ காட்டுனாரு, பாத்தா கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற ரிலே போர்டு மூடி இல்லாம தொட்டி விளிம்புல டேப் போட்டு ஒட்டியிருக்கு, 230 வோல்ட் அதுக்குள்ள ஓடுது, அந்த போர்டுக்கு அடிப்பக்கம் சோல்டர் பாயின்ட் எல்லாம் திறந்துதான் இருக்கும், விரல் பட்டா போதும். ஒரு மீன் துள்ளுனா தண்ணி தெறிக்கும். பாதி வீடியோவுலயே நிறுத்தி "அண்ணே, இப்பவே வீட்டுக்கு ஃபோன் போட்டு ப்ளக்க புடுங்கச் சொல்லுங்க"ன்னேன். கோவம்தான் அவருக்கு. பரவாயில்ல. வீட்ல ரெண்டு சின்னப் பிள்ளைங்க.

அப்புறம் உக்காந்து வழி சொன்னோம். அடாப்டர் போட்டு 12 வோல்ட் மோட்டார், இல்லன்னா சேஃப்டி மார்க் இருக்குற ஸ்மார்ட் ப்ளக் ஒண்ணு வாங்கி நம்ம கோட் அத ஆன் ஆஃப் பண்ணட்டும், அதையும் தண்ணிக்கு எட்டாத எடத்துல வைக்கணும், 230 வோல்ட்ட நம்ம கையால தொட வேண்டியதே இல்ல. சுவத்துக்குள்ள போற வயரிங்லயே கை வைக்கிற ப்ராஜெக்ட்னா அதுக்கு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் வரணும், இங்க சட்டமே அப்படித்தான்.

ஆப்ல ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிஞ்சுது. குரூப்ல போடலாமா?

போடாதீங்க. செஞ்சவங்களுக்கு மட்டும் தனியா அனுப்புங்க, சரி பண்ண டைம் குடுங்க. அடிக்கடி பாக்குறது, டேட்டாமால் சாவி மாதிரி ஏதாச்சும் ஒரு ஏபிஐ சாவிய, அதாவது ஒரு சேவைலேருந்து டேட்டா எடுக்கக் குடுக்குற ரகசியக் குறிய, கோட்லயே எழுதி, கோட்ட எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கிற கிட்ஹப் தளத்துல போட்டுடுவாங்க. அத அழிச்சா போதும்னு நெனப்பாங்க, போதாது, முன்னாடி சேமிச்ச பழைய பதிவுல (கமிட்) அப்படியே இருக்கும், சாவியையே ரத்து பண்ணிட்டு புதுசு வாங்கணும். இத சேத்து சொல்லுங்க.

இன்னொண்ணு ஐசி நம்பர், அடையாள அட்டை நம்பர். அன்னதானத்துக்கு தொண்டூழியர் பதிவு பண்ற ஃபார்ம் ஒண்ணு ஒருத்தர் நல்ல மனசோட செஞ்சு குடுத்தாரு, அதுல மொத கேள்வியே முழு ஐசி நம்பர். சட்டத்துல கேக்கச் சொல்லியிருந்தாலோ, ஆள் யாருன்னு துல்லியமா உறுதிப்படுத்தியே ஆகணும்னாலோ ஒழிய அமைப்புங்க ஐசி நம்பர வாங்கி வைக்கக் கூடாதுன்னு 2019 செப்டம்பர் 1லேருந்து வழிகாட்டி இருக்கு. சாம்பார் ஊத்த வர்றவங்களுக்கு பேரும் ஃபோன் நம்பரும் போதாதா? சொன்னதும் எடுத்துட்டாரு, அவருக்கு பழைய பேப்பர் ஃபார்ம்ல இருந்தத அப்படியே கொண்டு வந்த பழக்கம்.

ஆர்வக் கோளாறுல ஒரு வேலை மட்டும் பண்ணிடாதீங்க, ஓட்டை இருக்கான்னு பாக்குறேன்னு அடுத்தவங்க சர்வருக்குள்ள கேக்காம பூந்து பாக்குறது. கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1993லேருந்து இருக்கு, அனுமதி இல்லாம உள்ள போறதுக்கு மொத தடவையே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். "நல்லதுக்குத்தான் பாத்தேன்"னு அப்புறம் விளக்கிட்டு நிக்கிறதுக்குப் பதிலா மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லாருக்கும் திறந்து இருக்குற) ப்ராஜெக்ட் ஒண்ணு பயன்படுத்துறேன், பல மாசமா அப்டேட்டே இல்ல. கொஞ்சம் அழுத்தி கேக்கலாம்ல?

2024 மார்ச் மாசம் நடந்த எக்ஸ்இசட் கதைய கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஃபைல சுருக்குற ஒரு சின்ன மென்பொருள், அனேகமா எல்லா லினக்ஸ் மெஷின்லயும் இருக்கும், அத பல வருஷமா பாத்துக்கிட்டது ஒரே ஒருத்தர், சம்பளம் கெடையாது. 2022ல சில பேர் மெயில் மேல மெயில், ஏன் இவ்ளோ ஸ்லோ, எப்ப ரிலீஸ், முடியலன்னா வேற ஆள்கிட்ட குடுங்கன்னு. அவரும் இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, தனக்கு ரொம்ப நாளா மனநலம் சரியில்லன்னு வெளிப்படையாவே சொன்னாரு. கடைசில ஒத்தாசைக்கு வந்த இன்னொருத்தர்கிட்ட பொறுப்ப கொஞ்சம் கொஞ்சமா விட்டாரு. அந்த ஒத்தாசைக்காரர்தான் 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல பின்வாசல், அதாவது திருட்டுத்தனமா உள்ள நுழைய வழி, வச்சது. மெயில் போட்டு நச்சரிச்சவங்களும் அந்தக் கூட்டத்து ஆளுங்கதான்னு நெறய பேருக்கு சந்தேகம்.

அது எப்படி மாட்டுச்சுன்னா, ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு எஞ்சினியர், வேற எதையோ அளந்துக்கிட்டு இருந்தவரு, எஸ்எஸ்எச் லாகின் (இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள தூரத்துலேருந்து நுழையிறது) 0.3 விநாடில முடிய வேண்டியது 0.8 ஆகுதேன்னு பாத்தாரு. அரை விநாடி! நானா இருந்தா நெட் ஸ்லோன்னு விட்டிருப்பேன். அவரு விடாம நோண்டி, எந்த வெர்ஷன், முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு அளந்து எழுதி, கோவமா ஒரு வார்த்தை இல்லாம அனுப்புனாரு.

அதனால "இன்னும் யாராச்சும் பாத்துக்கிறீங்களா, நான் டெஸ்ட் பண்ணித் தரவா, ரீட்மீ விளக்கக் குறிப்ப தமிழ்ல எழுதித் தரவா"ன்னு கேளுங்க. வேலைய எடுத்துக்கிட்டு கேக்குறது வேற, சும்மா கேக்குறது வேற. நாம கியாசு ஆளுங்கதான், எதையும் விட்டுடக் கூடாதுன்னு பதறுறவங்க, க்யூல மொத ஆளா நிக்கணும், ஆனா அடுத்தவங்க ஞாயித்துக்கிழமைக்கு க்யூ கட்ட முடியாது.

வாய்ஸ் மெசேஜா அனுப்பலாமா?

நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ், நடுவுல ப்ரெஷர் குக்கர் விசில், மூணாவது நிமிஷத்துல விஷயம். தயவுசெஞ்சு வேண்டாம். டைப் பண்ண கஷ்டமா இருந்தா ஸ்கிரீன ரெகார்ட் பண்ணி அனுப்புங்க, அது தங்கம். கிட்ஹப்ல இருந்தா அங்கயே இஷ்யூ, அதாவது குறைப் பதிவு, போடுங்க, ஒரு இஷ்யூல ஒரு விஷயம், போடுறதுக்கு முன்னாடி வேற யாராச்சும் போட்டிருக்காங்களான்னு பாத்துட்டு.

நீங்க எப்பவாச்சும் தப்பா சொல்லி மாட்டிக்கிட்டிருக்கீங்களா?

மாட்டாம! ஒருத்தர் அறை வெப்பநிலை காட்டுற டப்பா செஞ்சிருந்தாரு, 28ன்னு காட்டுச்சு. என்னோட டப்பா பக்கத்துலயே, 32. நான் அதே டிஹெச்டி22 சென்சார்தான் போட்டிருக்கேன், உங்களோடது தப்பா காட்டுது, சென்சார் டூப்ளிகேட்டா இருக்கும், எங்க வாங்குனீங்கன்னு ஒரு லெக்சர் குடுத்தேன். அவரு அமைதியா என் டப்பாவ திருப்பிப் பாத்துட்டு, "சிஸ்டர், உங்க சென்சாரும் இஎஸ்பி32ம் ஒரே மூடுன டப்பாக்குள்ள இருக்கு, சிப்பு சூட்டத்தான் நீங்க அளக்குறீங்க"ன்னாரு. அந்த சென்சார் அரை டிகிரி முன்ன பின்ன காட்டும், நாலு டிகிரி காட்டாது, அத யோசிச்சிருக்கணும் நான். ரெண்டு எண்ணு வேற வேறயா இருக்குன்னு பாத்தத மட்டும் சொல்லியிருக்கலாம், அதுக்குள்ள காரணம், கடை, டூப்ளிகேட்னு நானே கதை கட்டிட்டேன். வீட்டுக்கு வந்து சென்சார ஒரு சாண் வயர்ல வெளிய தொங்க விட்டேன், 28.3.

சொன்னேன், கேட்டுக்கிட்டாங்க, ஆனா மாத்தல. என்ன பண்றது?

ஒண்ணும் பண்ண முடியாது, அவங்க பொருள். ஜாதக அங்கிள் ஆப்ப தொறந்தா கோயில் மணி அடிக்கும், சத்தமா, மூணு தடவ. டைம்சோன அன்னைக்கு ராத்திரியே மாத்தி அனுப்புனவரு, மணிய மட்டும் எடுக்க மாட்டேங்குறாரு. எம்ஆர்டில தொறந்து எல்லாரும் திரும்பிப் பாத்துட்டாங்க அங்கிள்னு ரெண்டு தடவ சொல்லிட்டேன், "மணி இருக்கட்டும்மா"ங்குறாரு. இப்பெல்லாம் ஃபோன சைலன்ட்ல போட்டுட்டுத்தான் தொறக்குறேன்.